பெரியம்மாவின் இடுப்பெலும்பும் 'ஸ்டெம் செல்' ஊசியும்

"ஏம்மா, நெல்லு உமியிலேருந்து எலும்பு செய்யறாங்களாமே, நிசந்தானா?"

தஞ்சாவூர் ஆஸ்பத்திரி ஒன்றில் மல்லாந்து படுத்தபடி பெரியம்மா என்னைக் கேட்ட கேள்வி இது. காலேஜில் படிக்கும் பேரன் செல்போனில் எதையோ படித்துச் சொல்லியிருக்கிறான். பெரியம்மாவுக்கு அறுபத்தெட்டு வயது. ஒரத்தநாட்டுப் பக்கம் கிராமம். வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து குறுவை, சம்பா, தாளடி என்று வருஷம் பூராவும் வயலும் களமுமாக நின்ற உடம்பு. அந்த உடம்பு போன மார்கழியில் ஒரு விடியற்காலை, வாசல் தெளிக்கத் தண்ணீர் எடுக்கக் கொல்லைப்புறம் போன இடத்தில் பாசி வழுக்கி, உட்கார்ந்த மாதிரி விழுந்தது. அவ்வளவுதான், இடுப்பெலும்பு முறிந்துவிட்டது!

"மாடியிலேருந்து விழுந்தா முறியும், வண்டி மோதினா முறியும். சும்மா உட்கார்ந்ததுக்கா முறியும்?" என்று அண்ணி மாய்ந்து போனார்.

ஆபரேஷன் செய்த டாக்டர் எக்ஸ்ரே படத்தைத் தூக்கிப் பிடித்துக் காட்டினார். "விழுந்ததால முறியலைம்மா. எலும்பு ஏற்கெனவே சல்லடையா இருந்திருக்கு. விழுந்தது ஒரு சாக்குத்தான்" என்றார். ஆஸ்டியோபோரோஸிஸ் என்று பெயர் சொன்னார். நம் பக்கம் 'எலும்புத் தேய்மானம்' என்று சொல்லிவிடுகிறோம். முழங்கால் மூட்டு தேய்ந்து வலிப்பதையும் அதே பெயரில்தான் சொல்கிறோம். இரண்டும் வேறு வேறு. மூட்டுத் தேய்மானம் வலித்து வலித்து ஊரைக் கூட்டும். இந்த எலும்பு மெலிவு முறிகிற நாள் வரை மூச்சே விடாது.

மூச்சு விடாது என்றேன். யோசித்துப் பார்த்தால், இரண்டு தடவை சொல்லித்தான் இருக்கிறது, நாங்கள்தான் கேட்கவில்லை. பத்து வருஷத்துக்கு முன் திண்ணையிலிருந்து இறங்கும்போது கை ஊன்றி மணிக்கட்டு முறிந்தது. நாட்டு வைத்தியரிடம் கட்டுப் போட்டு, கூடிவிட்டது என்று எல்லோரும் மறந்து போனோம். அப்புறம் நாலைந்து வருஷமாக, "இந்தப் பொடவையெல்லாம் தரையில இழுபடுது, முன்னெல்லாம் சரியா இருந்துச்சே" என்பார் பெரியம்மா. புடவை நீளவில்லை, முதுகெலும்பு ஒவ்வொரு கண்ணியாக நசுங்கி, ஆள்தான் குட்டையாகிக் கொண்டிருந்தார். கூன் விழுந்ததை வயசுக் கோளாறு என்று தள்ளிவிட்டோம்.

இது ஏதோ எங்கள் வீட்டு ராசி என்று நினைக்க வேண்டாம். வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் தென்னிந்தியாவின் சிற்றூர்ப் பகுதியில், மாதவிலக்கு நின்ற, நன்றாக நடமாடிக் கொண்டிருக்கிற 150 பெண்களைச் சோதித்து 2008-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அதில் சரிபாதிப் பேருக்கு ஏதாவது ஓர் இடத்தில் எலும்பு மெலிவு இருந்தது. பாதிப் பேருக்கு மேல் வைட்டமின் டி பற்றாக்குறை. இத்தனை வெயில் அடிக்கிற ஊரில்!

உழவும் நடவும்

எலும்பு என்றால் நாம் கல்லையும் கட்டையையும் நினைக்கிறோம். அது உயிருள்ள வயல். நம் உடம்பில் வருஷத்துக்கு ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு எலும்பு பழசு போய்ப் புதுசு வருகிறது. இதற்கு இரண்டு கூட்டம் ஆட்கள் உண்டு. ஒரு கூட்டம் பழைய எலும்பைக் கரைத்து எடுக்கிற அணுக்கள். தாளை மடக்கி உழுகிறவர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு கூட்டம் அந்த இடத்தில் புது எலும்பை வைக்கிறவர்கள், நடவு ஆட்கள். உழுகிற வேலை இரண்டு மூன்று வாரத்தில் முடிந்துவிடும். நட்டு விளைய மூன்று நாலு மாதம் ஆகும். ஆகவே உழுகிறவர்கள் கொஞ்சம் வேகம் கூட்டினாலும் நடவு பின்தங்கிவிடும்.

அவர்களை அடக்கி வைக்கிற மேஸ்திரிதான் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன். மாதவிலக்கு நின்றதும் மேஸ்திரி வீட்டுக்குப் போய்விடுகிறார். அதன் பிறகு வரும் ஐந்தாறு வருஷங்களில் சில பெண்களுக்கு எலும்பில் ஐந்தில் ஒரு பங்கு வரைகூடப் போய்விடுகிறது. கர்ப்பப்பையோடு சினைப்பையையும் எடுத்துவிட்ட பெண்களுக்கு இது நாற்பது வயதிலேயே ஆரம்பித்துவிடும். நம் ஊரில் அந்த ஆபரேஷன் எத்தனை சர்வ சாதாரணமாக நடக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

இதுவரை வந்த மருந்துகளில் பெரும்பாலானவை உழுகிறவர்களைத் தடுத்து நிறுத்துகிறவை. வாரம் ஒரு மாத்திரை, வருஷம் ஒரு ஊசி என்று வருகின்றன. நல்ல மருந்துகள், பலனும் உண்டு. ஆனால் போன எலும்பைத் திரும்ப வளர்க்க முடியுமா? அதுதான் இன்றைக்கு உலகம் முழுக்க ஆராய்கிற விஷயம். இழந்ததை உடம்பே திரும்ப வளர்த்துக் கொள்ளும்படி செய்வதற்கு மீளுருவாக்க மருத்துவம் என்று பெயர்.

காசுமாலை தப்பியது

இந்த நேரம் பார்த்து அண்ணனின் சிநேகிதர் ஒருவர் கலர் நோட்டீஸ் ஒன்றைக் கொண்டு வந்தார். வெளியூரில் ஒரு மருத்துவமனையாம். 'ஸ்டெம் செல்' ஊசி மூன்று போட்டால் எலும்பு இருபது வயசு எலும்பு மாதிரி ஆகிவிடுமாம். நாலு லட்ச ரூபாய். "அம்மாவுக்குச் செய்யாம யாருக்குச் செய்யப் போறோம்" என்று அண்ணன் பெரியம்மாவின் காசுமாலையை அடகு வைக்கவே தயாராகிவிட்டார். அண்ணி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் இராத்திரி எனக்குப் போன் செய்து, "நீ கொஞ்சம் டாக்டர்கிட்ட கேட்டுச் சொல்லேன்" என்றார். பிள்ளைகள் இருவர் படிப்பும் அந்த நகையை நம்பித்தான் இருக்கிறது.

கேட்டேன். டாக்டர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. பொறுமையாகச் சொன்னார்.

ஸ்டெம் செல் என்பது மூல அணு. நாற்றங்காலில் நிற்கும் நாற்று மாதிரி. எலும்பின் உள்ளே இருக்கும் மஜ்ஜையில் ஒரு வகை மூல அணுக்கள் உண்டு. அவை எலும்பாகவும் ஆகலாம், குருத்தெலும்பாகவும் ஆகலாம், கொழுப்பாகவும் ஆகலாம். வயது ஏற ஏற அவை எலும்பாக ஆவதைக் குறைத்துக்கொண்டு கொழுப்பாக ஆகின்றன. சரி, நல்ல நாற்றாகப் பார்த்து வெளியிலிருந்து கொண்டு வந்து விட்டால் என்ன? கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இரத்தக் குழாய் வழியாகச் செலுத்தினால் பெரும் பகுதி நுரையீரலிலேயே சிக்கிக் கொண்டுவிடுகிறது. இடுப்பில் நேராகப் போட்டாலும் மெலிந்திருப்பது இடுப்பு மட்டுமா? முதுகு, மணிக்கட்டு, விலா எல்லாமேதான். உடம்பு முழுக்க எத்தனை இடத்தில் குத்துவது?

நம் நாட்டில் எலும்பு மெலிவுக்கு ஸ்டெம் செல் ஊசி எதற்கும் அனுமதி கிடையாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2017-ல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் இதைத் தெளிவாகச் சொல்கின்றன. மருத்துவ முறையாக ஏற்கப்படாத எந்த நோய்க்கும், அனுமதி பெற்ற ஆராய்ச்சிக்குள்தான் இதைத் தரலாம். அப்படி ஆராய்ச்சியில் சேர்கிற நோயாளியிடம் அதற்குக் காசு வாங்கக் கூடாது. ஆராய்ச்சி என்றால் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பதிவேட்டில் அதற்கு ஒரு பதிவு எண் இருக்கும். அந்த எண்ணைக் கேளுங்கள். யார் வேண்டுமானாலும் இன்டர்நெட்டில் பார்க்கலாம். எண் இல்லை, பணம் மட்டும் உண்டு என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

"பேப்பரில் வந்ததே, அனுமதி கொடுத்தாச்சுன்னு?" என்று அண்ணன் கேட்டார். கொடுத்தது உண்மை. பெங்களூரில் தயாரான ஒரு ஸ்டெம் செல் ஊசிக்கு 2022-ல் அனுமதி கிடைத்தது, அது முழங்கால் மூட்டுத் தேய்மானத்துக்கு. மறுபடியும் அதே பெயர்க் குழப்பம்தான்! நோட்டீஸ் அடிக்கிறவர்களுக்கு இந்தக் குழப்பம் மிகவும் சௌகரியம்.

எலும்புக்கென்று ஒழுங்காக நடக்கும் ஸ்டெம் செல் ஆராய்ச்சி எங்கே என்று தேடினால் நம் வேலூரிலேயே ஒன்று அகப்படுகிறது. பிறவியிலேயே எலும்பு நொறுங்கும் நோய் ஒன்று உண்டு. தூக்கினால் முறியும், தும்மினால் முறியும் என்று அந்தக் குழந்தைகள் படும் பாடு சொல்லி முடியாது. எலும்புக்குக் கால்ஷியம் சிமெண்ட் மாதிரி. உள்ளே கம்பி மாதிரி ஓடுவது கொலாஜன் என்ற புரதம். இந்தக் குழந்தைகளுக்குக் கம்பியிலேயே கோளாறு. நல்ல மூல அணுக்களைச் செலுத்தினால் அந்த எலும்பு உறுதிப்படுமா என்று ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனம் ஆராய்ந்து வருகிறது. அந்த முயற்சியில் நம் நாட்டிலிருந்து கைகோத்தது வேலூர் சி.எம்.சி. இதில் பலன் நிலைபெற்றால் பெரியவர்களின் எலும்பு மெலிவுக்கும் ஒரு வழி பிறக்கலாம். அது ஆராய்ச்சியாகவே நடக்கிறது, நோட்டீஸ் போட்டு அல்ல.

உமியிலிருந்து எலும்பா?

இப்போது பெரியம்மாவின் கேள்விக்கு வருகிறேன். பேரன் சொன்னது முழுப் பொய்யில்லை!

1967-ல் அமெரிக்காவில் லாரி ஹென்ச் என்ற பொருளியல் விஞ்ஞானி ஒரு மாநாட்டுக்குப் பஸ்ஸில் போய்க் கொண்டிருந்தார். பக்கத்து ஸீட்டில் வியட்நாம் போரிலிருந்து திரும்பிய இராணுவ அதிகாரி. "ஆளைக் கொல்ல இத்தனை பொருள் செய்கிறீர்களே, மனித உடம்பு ஏற்றுக்கொள்கிற மாதிரி ஒரு பொருள் செய்யக் கூடாதா?" என்கிற தோரணையில் அந்த அதிகாரி கேட்டுவிட்டார். கேள்வி இவரைத் தூங்கவிடவில்லை. 1969-ல் ஒரு வகைக் கண்ணாடியைச் செய்தார். கிட்டத்தட்டப் பாதி மணற்சத்தான சிலிக்கா, மீதியில் கால்ஷியம், சோடியம், பாஸ்பரஸ். இதை எலும்போடு சேர்த்து வைத்தால் அதன் மேல் எலும்பின் தாதுவே ஆடை மாதிரிப் படிகிறது. எலும்பு வந்து அதை இறுகப் பற்றிக் கொள்கிறது. பிற்பாடு பல் ஈறுக்குக் கீழே கரைந்துபோன எலும்புக் குழிகளை அடைக்கவும் இது பயன்பட்டது.

அந்தச் சிலிக்கா எங்கே கிடைக்கிறது? நம் ரைஸ் மில் வாசலில் மலையாகக் குவிந்து கிடக்கிறதே, அந்த உமியில்! உமியை எரித்தால் மிஞ்சும் சாம்பலில் பெரும்பங்கு சிலிக்காதான். அந்தச் சாம்பலைக் கொண்டு இப்படிப்பட்ட எலும்புக் கண்ணாடியைச் செய்ய முடியும் என்று ஒடிசாவில் ரூர்கேலா தேசியத் தொழில்நுட்பக் கழகத்தார் 2010-ல் எழுதினார்கள். முட்டை ஓட்டிலிருந்து எலும்புத் தாதுவைச் செய்கிறவர்களும் உண்டு. நம் பாட்டிமார்கள் உமிக்கரியால் பல் தேய்த்ததோடு நிறுத்திக் கொண்டார்கள், இவர்கள் இன்னும் கொஞ்ச தூரம் போயிருக்கிறார்கள்.

தஞ்சாவூரிலேயே, திருமலைசமுத்திரத்தில் உள்ள சாஸ்த்ரா பல்கலைக்கழகத்தில் இதற்கென்று நானோ தொழில்நுட்ப, உயிரிப்பொருள் ஆராய்ச்சி மையம் ஒன்று இருக்கிறது. அங்கே செய்து பார்க்கிற வேலைகளில் ஒன்று, திசு வளர்வதற்கான பந்தல் போடுவது. புடலங்கொடிக்குப் பந்தல் போடுகிறோமே, அதே கதைதான். கண்ணுக்குத் தெரியாத மெல்லிய இழைகளால் ஒரு சட்டம் கட்டினால், உயிரணுக்கள் அதைப் பற்றிக்கொண்டு படர்ந்து வளரும். வேலை முடிந்ததும் பந்தல் தானே கரைந்து போகும்.

ஆனால் இங்கேயும் ஒன்றை மறக்கக் கூடாது. இந்தக் கண்ணாடியும் பந்தலும் ஓர் இடத்தில் விழுந்த பள்ளத்தை அடைக்கிறவை. வயல் முழுக்கச் சத்து இழந்திருந்தால் ஒரு மூலையில் மண் கொட்டி என்ன ஆகும்? பெரியம்மாவிடம் இதைச் சொன்னேன். "அப்ப வயலுக்கு என்ன உரம்?" என்று கேட்டார். விவசாயி அல்லவா!

காய்ச்சலும் பாய்ச்சலும்

உரம் இருக்கிறது. டெரிபாரடைடு என்று பெயர். 2002-லேயே அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து; இப்போது இந்தியக் கம்பெனிகளும் தயாரிக்கின்றன. கழுத்தில் உள்ள பாராதைராய்டு சுரப்பியின் ஹார்மோனில் ஒரு துண்டு அது. இதில் ஒரு வேடிக்கை. அந்த ஹார்மோன் இரத்தத்தில் எப்போதும் அதிகமாக இருந்தால் எலும்பு கரைகிறது. அதையே தினம் ஒரே ஒரு வேளை கொஞ்சமாகக் கொடுத்தால் நடவு ஆட்கள் விழித்துக் கொண்டு எலும்பு வளர்கிறது! காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் வைத்தால் பயிர் பிடிப்பது போலத்தான். நான் இதைச் சொன்னதும் பெரியம்மாவுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. எனக்குப் புரியத்தான் இரண்டு நாள் ஆனது.

இன்னொன்று ரோமோசோசுமாப். தென்னாப்பிரிக்காவில் சில குடும்பத்தாருக்குப் பிறவியிலேயே எலும்பு அளவுக்கு மீறித் தடித்திருந்தது. ஏன் என்று துருவிப் பார்த்தபோது, எலும்பு வளர்ச்சிக்குத் தடை போடும் ஒரு புரதம் அவர்களுக்கு இல்லை என்று தெரிந்தது. அந்தப் புரதத்தை மற்றவர்களுக்கும் கொஞ்ச காலம் தடுத்து வைத்தால்? அப்படிப் பிறந்த மருந்து 2019-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மாதம் ஒரு தடவை வீதம் ஒரு வருஷம். விலை கையைக் கடிக்கும். சமீபத்தில் மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்களுக்குக் கொடுப்பதில்லை.

பெரியம்மாவுக்கு டெக்ஸா ஸ்கேன் எடுத்தார்கள். ஊசி கிடையாது, வலி கிடையாது. கால் மணி நேரம் படுத்திருந்தால் போதும். மைனஸ் 2.5-க்குக் கீழே போனால் எலும்பு மெலிவு. பெரியம்மாவுக்கு மைனஸ் 3.6! டெரிபாரடைடு எழுதிக் கொடுத்தார்கள். பேனா மாதிரி இருக்கிறது; ஃபிரிட்ஜில் வைத்துத் தினம் ஒரு வேளை வயிற்றிலோ தொடையிலோ தானே போட்டுக்கொள்ள வேண்டும். அதிகம் போனால் இரண்டு வருஷம். நிறுத்தியதும் சும்மா இருந்தால் வளர்ந்தது கரைந்துவிடும். ஆகவே உடனே உழவைத் தடுக்கிற மருந்துக்கு மாற வேண்டும். புற்றுநோய்க்குக் கதிர் சிகிச்சை எடுத்தவர்களுக்கு இது ஆகாது. எல்லோருக்குமே முதலில் இதுதான் என்றும் இல்லை. பலருக்கு வருஷ ஊசியோ வார மாத்திரையோ போதும் என்பார் டாக்டர்.

பிரண்டையை விட்டுவிட்டால் நம் வாசகிகள் என்னைச் சும்மா விடமாட்டீர்கள். வேலியில் படரும் பிரண்டைக்கு வடக்கே 'ஹட்ஜோட்' என்று பெயர், எலும்பை ஒட்டுவது என்று அர்த்தம். காசி இந்து பல்கலைக்கழகத்தில் உடுப்பா, பிரசாத் என்ற இரு மருத்துவர்கள் 1960-களின் ஆரம்பத்திலேயே இதை ஆராய்ந்து, எலும்பு கூடுவதை இது துரிதப்படுத்துவதாக எழுதினார்கள். 2009-ல் மணிப்பால் ஆராய்ச்சியாளர்கள் இன்னும் உள்ளே போய், பிரண்டைச் சாறு மஜ்ஜையின் மூல அணுக்களை எலும்பணுக்களாக ஆகத் தூண்டுவதை எலி அணுக்களில் கண்டார்கள். பார்த்தீர்களா, ஸ்டெம் செல் கடைசியில் நம் துவையல் அம்மிக்கே வந்துவிட்டது! ஆனால் அவர்கள் பயன்படுத்தியது ரசாயன முறையில் பிரித்தெடுத்த சாறு. நாம் அரைப்பது புளி வைத்த துவையல். தாராளமாகச் சாப்பிடுங்கள், ருசிக்கு ருசி. அதை நம்பி மருந்தை நிறுத்தாதீர்கள்.

பச்சைக் குழந்தைக்காரிகளுக்கு

கைக்குழந்தையோடு இதைப் படிக்கிறவர்கள் 'இன்னும் முப்பது வருஷம் கழித்துத்தானே' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். எலும்பின் சேமிப்பு ஏறக்குறைய முப்பது வயதோடு முடிந்துவிடுகிறது. அப்புறம் இருப்பதை வைத்துத்தான் காலம் தள்ள வேண்டும்.

பால் கொடுக்கும் மாதங்களில் தாயின் எலும்பிலிருந்து நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பங்கு போகிறது. பயந்து பாலை நிறுத்திவிடாதீர்கள்! பால் மறந்த பிறகு அது திரும்ப வந்துவிடும். இத்தனை கால்ஷியம் போயும் தாயின் எலும்பு எப்படி நொறுங்காமல் நிற்கிறது என்பது வெகு நாள் புதிராக இருந்தது. 2024-ல் கலிபோர்னியா விஞ்ஞானிகள் விடை போல ஒன்றைக் கண்டார்கள். பால் கொடுக்கும் எலிகளின் மூளை, எலும்பை வளர்க்கும் ஒரு ஹார்மோனைச் சுரக்கிறது. அதைப் பசை போன்ற ஒரு பட்டையில் வைத்து, கிழட்டு எலிகளின் முறிந்த எலும்பின் மேல் ஒட்டினார்கள். எலும்பு நன்றாகக் கூடி வந்தது. இன்னும் மனிதர்களுக்கு வரவில்லை. ஆனாலும் தாய்மையின் சூட்சுமத்திலிருந்து கிழவிக்கு மருந்து கிடைக்கப் போகிறது என்றால் கேட்கவே நன்றாக இல்லையா?

நம் டெல்டாக்காரர்களின் சாப்பாடு மூன்று வேளையும் அரிசி. நூறு கிராம் அரிசியில் பத்து மில்லிகிராம் கால்ஷியம்கூடத் தேறுவது கடினம். அதே அளவு கேழ்வரகில் 340-க்கு மேல். நாள் ஒன்றுக்கு ஒரு பெண்ணுக்கு வேண்டியது 1000 மில்லிகிராம். பால் கொடுக்கிறவர்களுக்கும் மாதவிலக்கு நின்றவர்களுக்கும் 1200. வீட்டில் காய்ச்சும் பால் யார் யார் தம்ளருக்குப் போகிறது, உங்கள் பங்குக்கு மிஞ்சுவது காப்பியில் விடும் சொட்டுதானா என்று ஒரு நாள் கவனித்துப் பாருங்கள். மோர், எள்ளுருண்டை, முருங்கைக்கீரை, முள்ளோடு மெல்லும் நெத்திலி, வாரம் மூன்று நாள் கேழ்வரகு அடையோ கூழோ என்று மாற்றினால் கணக்கு ஓரளவு நேராகும். கர்ப்பத்தில் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையையும் கால்ஷியம் மாத்திரையையும் சேர்த்து விழுங்காதீர்கள். ஒன்று மற்றதை ஏறவிடாது. காலையில் ஒன்று, இரவில் ஒன்று.

வீட்டில் 65 தாண்டிய பெண்கள் இருந்தால் டெக்ஸா ஸ்கேனைப் பற்றி டாக்டரிடம் கேளுங்கள். மாதவிலக்கு 45-க்குள் நின்றவர்கள், இலேசாக விழுந்ததற்கே எலும்பு முறிந்தவர்கள், ஆஸ்துமாவுக்கோ மூட்டுவாதத்துக்கோ ஸ்டீராய்டு மாத்திரையை நாள்பட விழுங்குகிறவர்கள் 65 வரை காத்திருக்க வேண்டாம்.

காசுமாலை இன்னும் பீரோவில்தான் இருக்கிறது. கொல்லைப்புறத்துப் பாசியைச் சுரண்டி, சொரசொரப்பாகத் தளம் போட்டு, சுவரில் கைப்பிடிக் கம்பி பதித்து, விளக்கும் போட்டாயிற்று. ஊசியைப் பெரியம்மா யாரையும் தொட விடுவதில்லை. சாயங்காலம் விளக்கேற்றியதும் தானே போட்டுக்கொண்டு, பேனாவை மறுபடி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, வாக்கரை ஊன்றிக்கொண்டு வாசல் வரை நடக்கிறார். சம்பா அறுவடையின் போது களத்துக்கு வந்தே தீருவேன் என்கிறார். அண்ணன் முடியாது என்கிறார். இரண்டு பேரும் தினமும் சண்டை.